சொந்த மெயில் சர்வர்: வாசகர் கேள்வி பதில்

சொந்தமா மெயில் சர்வர் ஓட்டுறது, அதாவது ஜிமெயில் மாதிரி வேற கம்பெனியை நம்பாம மெயில் வாங்கி அனுப்புற கம்ப்யூட்டரை நம்மளே பாத்துக்கிறது பத்தி வந்த கேள்விகளுக்கு இந்த தடவை பதில். பாதிக்கு மேல ஒரே கவலைதான் எழுதியிருந்தீங்க: "அனுப்புற மெயில் போய்ச் சேர மாட்டேங்குது." அதுக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கேன்.

கேள்வி: சார், சின்னதா ஒரு அச்சகம் நடத்துறேன். எட்டு பேருக்கு கம்பெனி பேர்ல மெயில் வேணும். ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, ஃபைபர் இன்டர்நெட்டும் இருக்கு. அதுலயே மெயில் சர்வர் போட்டுக்கலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: கம்ப்யூட்டர் பழசா இருக்கிறது ஒரு பிரச்சனையே இல்ல, எட்டு பேர் மெயிலுக்கு அது தாராளமா போதும். இடிக்கிறது உங்க இன்டர்நெட் லைன்தான். வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் குடுக்கிற பிராட்பேண்ட்ல ஐபி (இன்டர்நெட்ல உங்க லைனோட முகவரி எண்) மாறிக்கிட்டே இருக்கும், நிறைய இடத்துல சிஜிநாட்னு ஒரே பப்ளிக் ஐபியை பல வாடிக்கையாளருக்கு பங்கு போட்டுக் குடுக்கிறாங்க, அந்த மாதிரி லைனா இருந்தா வெளியிலேர்ந்து வர்ற மெயில் உங்க மெஷின் வரைக்கும் வரவே வழி கிடையாது. இதுபோக ஸ்பேமைத் தடுக்க ஐபிங்களைப் பட்டியல் போடுற ஸ்பாம்ஹாஸ்ங்கற அமைப்பு பிபிஎல்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. பிராட்பேண்ட் ஐபிங்கல்லாம் வரிசை வரிசையா அதுல இருக்கும். அதுல இருக்கிறதால உங்க ஐபி ஏதோ தப்பு பண்ணிடுச்சுன்னு அர்த்தமில்ல, இந்த மாதிரி லைன்லேர்ந்து நேரடியா யாரும் மெயில் அனுப்பக்கூடாதுங்கறது அவங்க கணக்கு. ஆனா நீங்க அனுப்புற கொட்டேஷன் வாசல்லயே திருப்பி அனுப்பப்படும், அதுதானே நமக்கு முக்கியம்.

அதனால ஒரு விபிஎஸ் (இன்டர்நெட்ல வாடகைக்குக் கிடைக்கிற சர்வர்) எடுங்க. மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலை உங்க ஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எடுத்துக் குடுக்க டவ்காட், ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி, இந்த மூணுக்கும் 2 ஜிபி ரேம் போதும். காசு கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுடுங்க. ஒண்ணு, 25-ம் போர்ட் (சர்வர்ல ஒவ்வொரு வேலைக்கும் இருக்கிற எண் போட்ட வாசல்) வெளிய போக திறந்திருக்கா? ஒரு சர்வர்லேர்ந்து இன்னொரு சர்வருக்கு மெயில் போறது அந்த போர்ட் வழியாத்தான், அது மூடியிருந்தா வேற எது இருந்தும் புண்ணியமில்ல. கூகுள் கிளவுட்ல பொதுவா அதை திறக்க மாட்டாங்க, டிஜிட்டல் ஓஷன்லயும் மூடித்தான் வெச்சிருக்காங்க, அமேசான்ல காரணம் எழுதி ரிக்வெஸ்ட் போடணும், ஹெட்ஸ்னர்ல புது அக்கவுண்டுக்கு மூடியிருக்கும், முதல் மாச பில் கட்டினப்புறம் கேட்டா பாத்துத் திறந்து விடுவாங்க. ரெண்டாவது, ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை, அதாவது ஐபியைக் குடுத்தா பேரைச் சொல்ற பதிவை, நம்மளே மாத்திக்கலாமா? இதை விடவே விடாதீங்க, ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

ஐபி கையில வந்ததும், எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி அந்த ஐபியை ஸ்பாம்ஹாஸ் தளத்துல தேடிப் பாருங்க. முன்னாடி அதை வெச்சிருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தா அந்தப் பழி உங்க தலையில விடியும். பட்டியல்ல இருந்தா அந்த மெஷினை அழிச்சுட்டு வேற ஐபி வாங்குறது, பேரை நீக்கச் சொல்லி எழுதிக்கிட்டு இருக்கிறதை விட சுலபம்.

உங்களுக்கு தொழில் நடக்கணும். அதனால என் யோசனை, உள்ள வர்ற மெயிலை உங்க சர்வர்ல வாங்கிக்கங்க, வெளிய போறதை முதல் கொஞ்ச மாசத்துக்கு அமேசான் எஸ்இஎஸ் மாதிரி ஒரு ரிலே (உங்க மெயிலை வாங்கி தன் சர்வர்லேர்ந்து அனுப்பிக் குடுக்கிற சேவை) வழியா அனுப்புங்க. அப்பவும் எட்டு பேரோட பழைய மெயிலெல்லாம் உங்க டிஸ்க்லதான் இருக்கும். கை பழகினப்புறம் நேரடியா அனுப்ப ஆரம்பிக்கலாம்.

கேள்வி: டெபியன் லினக்ஸ்ல போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் போட்டுட்டேன் அண்ணா. ஜிமெயில்லேர்ந்து எனக்கு வர்ற மெயில் எல்லாம் நல்லா வருது. நான் ஜிமெயிலுக்கு அனுப்பினா ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகுது, சில நேரம் திரும்பியே வந்துடுது. எங்க தப்பு?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, நீங்க பாதி தூரம் வந்துட்டீங்க, ஆனா அது சுலபமான பாதி. மெயில் வாங்குறதுக்கு யார் தயவும் வேணாம், எம்எக்ஸ் ரெகார்டு (உங்க பேருக்கு வர்ற மெயிலை எந்த சர்வர்ல குடுக்கணும்னு சொல்ற பதிவு) சரியா இருந்தா வந்துடும். அனுப்புறதுக்கு எதிர்ல இருக்கிற சர்வர் உங்களை நம்பணும். மெயில் அனுப்புற விதிமுறையான எஸ்எம்டிபியை 1982-ல எழுதினப்போ அனுப்புறவர் யாருன்னு உறுதிப்படுத்த அதுல ஒரு ஏற்பாடும் கிடையாது, யார் வேணா யார் பேர்ல வேணா அனுப்பலாம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் பின்னாடி ஒட்டுப் போட்டதுங்க, ஒண்ணொண்ணும் என்னன்னு கீழ சொல்றேன். 2024 பிப்ரவரிலேர்ந்து கூகுளும் யாஹூவும் இதையெல்லாம் கட்டாயமாக்கிட்டாங்க, எஸ்பிஎஃப் இல்லேன்னா டிகிம் ஒண்ணாவது எல்லாருக்கும் வேணும், ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணுமே வேணும். நீங்க பத்து மெயில் அனுப்புறவரா இருந்தாலும் மூணையும் போட்டுடுங்க.

முதல்ல ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது பிடிஆர் ரெகார்டு. உங்க சர்வர் இன்னொரு சர்வர்கிட்ட பேச ஆரம்பிக்கும்போது "நான் மெயில் புள்ளி இன்னார்"னு தன் பேரைச் சொல்லும். அவங்க உங்க ஐபியை வெச்சு பேரைத் தேடுவாங்க, அந்தப் பேரை வெச்சு திரும்ப ஐபியைத் தேடுவாங்க. மூணும் ஒண்ணா இருக்கணும். வாசல் பலகையில ஒரு பேரும் ரேஷன் கார்டுல வேற பேரும் இருந்தா வீடு பாக்க வந்தவருக்கு எப்படி சந்தேகம் வருமோ அப்படித்தான் இது. பிடிஆரை டொமைன் (மெயில் முகவரியில அட் குறிக்கு அப்புறம் வர்ற பேர்) வாங்கின இடத்துல மாத்த முடியாது, விபிஎஸ் குடுத்தவங்க பேனல்லதான் மாத்தணும். நிறைய பேர் தேடித் தேடி சலிச்சுப் போறது இங்கதான்.

சில நேரம் திரும்பி வருதுன்னு சொல்றீங்களே, எனக்கு ஐபிவி6 மேலதான் சந்தேகம். ஐபிவி4 பழைய வகை ஐபி, ஐபிவி6 புது வகை, ஒரு சர்வருக்கு ரெண்டும் இருக்கலாம். ஐபிவி4-க்கு மட்டும் பிடிஆர் போட்டிருப்பீங்க, சர்வர் அப்பப்போ ஐபிவி6 வழியா ஜிமெயிலைப் போய்த் தட்டும், அதுக்கு பிடிஆர் இல்லேன்னா அவங்க 550-னு மறுப்புக் குறியீடு குடுத்து முகத்துக்கு நேரா கதவைச் சாத்திடுவாங்க. ஐபிவி6-க்கும் பிடிஆர் போடுங்க, இல்லேன்னா போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-ல மட்டும் பேசச் சொல்லி செட்டிங்கை மாத்திடுங்க.

எஸ்பிஎஃப்ங்கறது "எங்க டொமைன் பேர்ல இந்த ஐபிலேர்ந்துதான் மெயில் வரும்"னு நீங்க டிஎன்எஸ்ல, அதாவது டொமைன் விவரமெல்லாம் இருக்கிற பொதுப் பதிவேட்டுல, எழுதி வெக்கிறது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெகார்டுதான். பழைய ஹோஸ்டிங் காரர் போட்டது ஒண்ணு, நீங்க போட்டது ஒண்ணுன்னு ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. அதுக்குள்ள மத்த சேவைங்களோட பட்டியலை இன்க்ளூட் இன்க்ளூடா சேத்துக்கிட்டே போனாலும் 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல போனா தப்புன்னு கணக்காயிடும்.

டிகிம்ல உங்க சர்வர் ஒவ்வொரு மெயில்லயும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து போடும், அதை சரிபாக்கிற பப்ளிக் கீ டிஎன்எஸ்ல இருக்கும். ஆர்ஸ்பாம்டியே இந்த கையெழுத்தைப் போட்டுடும், தனியா எதுவும் வேணாம். 2048 பிட் கீ வெச்சுக்கங்க. அந்தக் கீ நீளமானது, டிஎன்எஸ்ல ஒரு துண்டு டெக்ஸ்டுக்கு 255 எழுத்துதான் இடம், அதனால ரெண்டா உடைச்சு மேற்கோள் குறிக்குள்ள போடணும். சில பேனல் தானா உடைச்சுக்கும், சிலது சத்தமில்லாம வாலை வெட்டிடும், பாக்க எல்லாம் சரியா இருக்கும், கையெழுத்து மட்டும் தேறாது.

டிமார்க், மேல சொன்ன ரெண்டுல ஒண்ணாவது தேறணும், தேறின டொமைனும் ஃப்ரம்ல தெரியற டொமைனும் ஒத்துப் போகணும், போகலேன்னா என்ன பண்ணணும்னு எதிர்ல இருக்கிறவருக்கு சொல்றது. ஆரம்பத்துல 'நன்'ல (ஒண்ணும் பண்ண வேணாம்) வெச்சு ரிப்போர்ட் மட்டும் வரவழைங்க. உங்க பேர்ல நீங்களே மறந்துபோன ஏதாவது அனுப்பிக்கிட்டு இருக்கும், பில்லிங் சாஃப்ட்வேரு, வெப்சைட் ஃபார்ம், அதெல்லாம் ரிப்போர்ட்ல வெளிய வரும். சரி பண்ணிட்டு 'குவாரன்டைன்' (ஸ்பேம்ல போடு), அப்புறம் 'ரிஜெக்ட்' (வாங்காதே).

எல்லாம் போட்டப்புறம் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பிட்டு, கம்ப்யூட்டர்ல அந்த மெயிலைத் திறந்து மூணு புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' குடுங்க. மேல எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு வரி இருக்கும், மூணுக்கும் நேரா 'பாஸ்'னு வரணும். வந்தும் ஸ்பேமுக்குப் போகுதுன்னா அது புது ஐபிக்கு இன்னும் நல்ல பேர் வரலேன்னு அர்த்தம். தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க, பதில் போடச் சொல்லுங்க, ஸ்பேம்லேர்ந்து எடுத்து வெக்கச் சொல்லுங்க, ஒரே நாள்ல நூறு பேருக்கு அனுப்பாதீங்க. அவுட்லுக், ஹாட்மெயில் பக்கம் இதை விட கறார், அங்க பிளாக் பண்ணினா திரும்பி வர்ற மெயில்லயே காரணக் குறியீடு இருக்கும், அதை எடுத்து அவங்க சப்போர்ட் ஃபார்ம்ல போட்டு மரியாதையா கேளுங்க, முதல்ல முடியாதுன்னு ஒரு ரெடிமேட் பதில் வந்தாலும் திரும்ப எழுதுங்க.

கேள்வி: எங்க பள்ளிக்கூட சர்வர்ல நேத்து காலைல க்யூவுல (அனுப்பக் காத்திருக்கிற வரிசையில) ஆயிரக்கணக்குல மெயில் நிக்குது, எதுவுமே நாங்க அனுப்பினது இல்ல. பெற்றோருக்கு அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது. சர்வரையே ஹேக் பண்ணிட்டாங்களா?
– பள்ளி அலுவலக ஊழியர், மதுரை

பதில்: அம்மா, பதறாதீங்க. பெரும்பாலும் சர்வர் முழுசா போயிருக்காது, யாரோ ஒருத்தரோட பாஸ்வேர்ட் போயிருக்கும். உடனே போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்க. அப்புறம் மெயில் லாக்ல (சர்வர் நடந்ததையெல்லாம் எழுதி வெக்கிற ஃபைல்) 'சாஸ்ல் யூசர்நேம்'னு வர்ற வரிகளைத் தேடுங்க, எந்தப் பேர் நூத்துக்கணக்குல வருதோ அதுதான் ஆள். ஒரே யூசர் பத்து நாட்டு ஐபிலேர்ந்து லாகின் ஆகியிருக்கிறது அப்படியே தெரியும். அந்தப் பாஸ்வேர்டை மாத்துங்க, டவ்காட்ல அவங்க திறந்து வெச்சிருக்கிற கனெக்‌ஷனையும் துண்டிங்க, அதுக்கப்புறம் க்யூவுல அந்த அனுப்புநர் பேர்ல இருக்கிறதை மட்டும் அழிங்க. மொத்த க்யூவையும் துடைச்சுடாதீங்க, பெற்றோருக்கு எழுதின நிஜமான மெயிலும் அதுக்குள்ள நிக்குது. அந்த மாதிரி யூசரே லாக்ல தென்படலேன்னா வெப்சைட்டோட கான்டாக்ட் ஃபார்மைப் பாருங்க, அது வழியாவும் இது நடக்கும்.

இனிமே வராம இருக்க என்ன பண்றதுன்னா, உங்க சர்வர் லாகை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்க, இன்ஃபோ, அட்மின், டெஸ்ட், ஸ்கேனர், அக்கவுண்ட்ஸ்னு பேரை மாத்தி மாத்தி யாரோ பாஸ்வேர்ட் போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. இது உங்க பள்ளியை குறி வெச்சு நடக்கிறது இல்ல, இன்டர்நெட்ல இருக்கிற எல்லா மெயில் சர்வருக்கும் ராத்திரி பகலா நடக்குது. அதனால 25-ம் போர்ட்ல லாகின் பண்ற வசதியையே எடுத்துடுங்க, அது சர்வருக்கு சர்வர் பேசுறதுக்கு மட்டும். ஆசிரியர்கள் அனுப்புறதுக்கு 465 இல்லேன்னா 587, ரெண்டுலயும் டிஎல்எஸ் (வழியில யாரும் படிக்க முடியாத மறையாக்கம்) இல்லாம பாஸ்வேர்ட் வாங்கவே கூடாது. படிக்கிறதுக்கு 993 மட்டும் போதும், பழைய 110, 143 ரெண்டையும் மூடுங்க. ஃபெயில்2பேன் போட்டா தப்பா முயற்சி பண்ற ஐபியை கொஞ்ச நேரம் தடுத்து வெக்கும், ஆனா இப்பல்லாம் ஒரு ஐபிக்கு ஒரு முயற்சின்னு ஆயிரம் ஐபிலேர்ந்து வர்றாங்க, அதனால அதை மட்டும் நம்பி பாஸ்வேர்டை பள்ளி பேரும் 123-ம்னு வெச்சா நிக்காது. நீளமான பாஸ்வேர்டை நீங்களே உருவாக்கி ஃபோன்ல போட்டுக் குடுத்துடுங்க.

இன்னும் ரெண்டு. லாகின் பண்ணினவர் தன் முகவரியில மட்டும்தான் அனுப்பலாம்னு போஸ்ட்ஃபிக்ஸ்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு, போடுங்க. ஒருத்தர் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில்தான்னு ஆர்ஸ்பாம்டில வரம்பு வைங்க. உங்க பள்ளியில ஒரு ஆசிரியர் மணிக்கு ஐம்பது தாண்டப் போறாரா என்ன? இந்த வரம்பு இருந்திருந்தா பாஸ்வேர்ட் போயிருந்தாலும் மணிக்கு ஐம்பதோட நின்னிருக்கும், உங்க ஐபி பிளாக்லிஸ்ட்ல ஏற வாய்ப்பும் குறைஞ்சிருக்கும். இப்போ ஏறியிருக்கும். ஓட்டையை அடைச்சப்புறம்தான் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கணும், முன்னாடியே கேட்டு எடுத்துட்டு மறுபடி ஏறினா அடுத்த தடவை சீக்கிரம் விடமாட்டாங்க.

கேள்வி: லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட் தானாவே புதுப்பிக்குது. ஆனாலும் 3 மாசத்துக்கு ஒரு தடவை ஃபோன்ல "சர்டிஃபிகேட் காலாவதி"ன்னு வருது. ஏன்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சர்டிஃபிகேட்ங்கறது இது நிஜமாவே உங்க சர்வர்தான்னு ஃபோனுக்குக் காட்டுற அத்தாட்சி, அதை இலவசமா குடுக்கிறவங்கதான் லெட்ஸ் என்க்ரிப்ட். புது ஃபைல் டிஸ்க்ல வந்துடுச்சு, டவ்காட் இன்னும் பழசையே நினைவுல வெச்சுக்கிட்டு இருக்கு. புதுப்பிச்சதும் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் பண்ணச் சொல்லி சர்டிஃபிகேட்டைப் புதுப்பிக்கிற செர்ட்பாட்ல டிப்ளாய் ஹூக்னு ஒரு குட்டி கட்டளை எழுதி வைங்க, ரெண்டு வரிதான். காலாவதி ஆகப்போகுதுன்னு லெட்ஸ் என்க்ரிப்ட் முன்னாடி மெயில் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, 2025 ஜூன்லேர்ந்து அதை நிறுத்திட்டாங்க, அதனால நீங்களே ஒரு நினைவூட்டல் வெச்சுக்கங்க.

கேள்வி: எல்லாத்தையும் தனித்தனியா போட எனக்கு பொறுமை இல்ல சார். மெயில்கவ், மெயில்-இன்-எ-பாக்ஸ் மாதிரி ரெடிமேடா வர்றது நம்பகமா?
– ஐடி ஊழியர், சென்னை

பதில்: நம்பலாம். டிகிம், ஸ்பேம் வடிகட்டி, வெப்மெயில் எல்லாம் முதல் நாளே சரியான நிலையில வந்துடும், கையால பண்ணும்போது விட்டுப்போற நிறைய விஷயத்தை அவங்க பாத்துக்கிறாங்க. மெயில்கவ் டாக்கர்ல (மென்பொருளை கன்டெய்னர்ங்கற தனித்தனி பெட்டியில வெச்சு ஓட்டுற ஏற்பாடு) ஓடுது, 6 ஜிபி ரேம் கேக்கும். மெயில்-இன்-எ-பாக்ஸ் சின்ன மெஷின்லயே ஓடும், ஆனா அந்த உபுண்டு மெஷினை முழுசா தன் கையில எடுத்துக்கும், அதே மெஷின்ல உங்க மத்த வேலையை வெச்சுக்கணும்னு நெனைக்காதீங்க.

டாக்கர் வழியில போனா ஒரு குழி இருக்கு. மெஷினுக்கு ஐபிவி6 இருந்து, கன்டெய்னர் நெட்வொர்க்ல ஐபிவி6 இல்லேன்னா, வெளியிலேர்ந்து ஐபிவி6 வழியா வர்ற கனெக்‌ஷன் எல்லாம் டாக்கரோட உள் ஐபிலேர்ந்து வர்ற மாதிரி போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியலாம். அந்த உள் நெட்வொர்க்கை 'நம்பகமானது'ன்னு யாராவது பட்டியல்ல போட்டிருந்தா, ஊர்ல உள்ள ஸ்பேம்காரன் எல்லாம் பாஸ்வேர்டே இல்லாம உங்க வழியா அனுப்பலாம். இன்ஸ்டால் பண்ணினதும் வெளியில வேற மெஷின்லேர்ந்து, ஐபிவி4, ஐபிவி6 ரெண்டுலயும், லாகின் இல்லாம ஜிமெயிலுக்கு அனுப்ப முயற்சி பண்ணிப் பாருங்க, "ரிலே ஆக்சஸ் டினைடு"ன்னு வரணும்.

டிஎன்எஸ் பத்தியும் ஒண்ணு. மெயில் அனுப்புற ஐபி பட்டியல்ல இருக்கான்னு உங்க சர்வர் ஸ்பாம்ஹாஸ்கிட்ட டிஎன்எஸ் வழியாத்தான் கேக்கும். 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் வழியா கேட்டா ஸ்பாம்ஹாஸ் இலவசமா பதில் தராது, அது அனுப்புற எரர் கோடை சில சர்வர் 'ஸ்பேம்'னு எடுத்துக்கிட்டு நல்ல மெயிலையும் தள்ளிவிடும். சர்வர்லயே அன்பவுண்ட்ங்கற சொந்த டிஎன்எஸ் மென்பொருள் ஓடணும். மெயில்கவ்ல அது கூடவே வருது.

அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க. 2019-ல எக்ஸிம்ங்கற இன்னொரு மெயில் சர்வர் மென்பொருள்ல ஒரு ஓட்டை வந்து, அப்டேட் பண்ணாத சர்வர்கள்ல வெளியாள் ரூட் (மெஷினோட முழு அதிகாரம்) வரைக்கும் போனாங்க. 2023 டிசம்பர்ல எஸ்எம்டிபி ஸ்மக்லிங்னு ஒண்ணு, ஒரு மெயிலுக்குள்ள இன்னொரு மெயிலை ஒளிச்சு, அடுத்தவர் பேர்ல எஸ்பிஎஃப்பும் தேறிப் போற மாதிரி அனுப்புறது. போஸ்ட்ஃபிக்ஸும் அதுல மாட்டுச்சு, சீக்கிரமே சரி பண்ணிட்டாங்க, ஆனா அப்டேட் போட்டவங்களுக்குத்தானே அது வந்து சேரும்.

கேள்வி: சொந்த சர்வர்தானே, அப்போ முகவரியையும் தமிழ்லயே வெச்சுக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: முடியும் ஐயா, இந்தக் கேள்வி வந்ததே எனக்கு சந்தோஷம். டொமைனுக்கு புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர்னு தமிழ்லயே முடிவுகள் இருக்கு. அட் குறிக்கு முன்னாடி வர்ற பேரையும் தமிழ்ல எழுதறதுக்கு எஸ்எம்டிபியுடிஎஃப்8-ங்கற விதிமுறை 2012-ல வந்துச்சு, ஜிமெயில் 2014-லயும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015-லயும் அதை ஏத்துக்கிச்சு. இப்போ டெபியன்ல வர்ற போஸ்ட்ஃபிக்ஸ் தயாராத்தான் இருக்கு. ஆனா எதிர் சர்வரும் ஏத்துக்கணும், ஏத்துக்காத இடத்துக்கு அனுப்பினா திரும்பி வந்துடும், நிறைய வெப்சைட் ஃபார்மும் தமிழ் முகவரியை தப்புன்னு சொல்லும். அதனால ஆங்கில எழுத்துல ஒரு மெயில்பாக்ஸ் வெச்சு, தமிழ் முகவரியை அதுக்கு ஏலியாஸா, அதாவது மாற்றுப் பேரா, குடுங்க. ரெண்டுக்கு வர்றதும் ஒரே இன்பாக்ஸ்ல விழும்.

ஒரு நுணுக்கம். 'கொ'ங்கற எழுத்தை கம்ப்யூட்டர் ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறி ஒரே குறியீடா, இல்லேன்னா கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியீடா. கண்ணுக்கு ஒண்ணுதான், சர்வருக்கு அது ரெண்டு வேற பேர். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் வர்ற பேரா இருந்தா ரெண்டு வடிவத்தையும் ஏலியாஸ்ல சேத்துடுங்க, இல்லேன்னா சில பேரோட கீபோர்டுலேர்ந்து வர்ற மெயில் மட்டும் காரணம் புரியாம திரும்பிக்கிட்டே இருக்கும்.

கேள்வி: சர்வர் ஒரு நாள் முழுக்க படுத்துட்டா அன்னிக்கு வந்த மெயில் எல்லாம் போயிடுமா? ரெண்டாவது சர்வர் வெச்சுக்கணுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போகாது. அனுப்புற சர்வர் விடாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், போஸ்ட்ஃபிக்ஸ்ல வழக்கமா 5 நாள் வரைக்கும். சின்ன அளவுக்கு ரெண்டாவது எம்எக்ஸ் வேணாம், கவனிப்பு குறைஞ்ச சர்வரைத் தேடித்தான் ஸ்பேம்காரன் முதல்ல போவான்.

அதுக்கு செலவழிக்கிற காசை பேக்கப்புக்கு போடுங்க. மெயில் ஃபோல்டர், கான்ஃபிக், டிகிம் ப்ரைவேட் கீ, டிஎன்எஸ் ரெகார்டோட நகல், எல்லாம் தினமும் ராத்திரி வேற கம்பெனியோட இடத்துக்குப் போகணும், அதே விபிஎஸ் கம்பெனியில வெச்சா அக்கவுண்ட் முடங்கினா ரெண்டும் சேந்து முடங்கும். போர்க், ரெஸ்டிக்னு ரெண்டு பேக்கப் மென்பொருள் இருக்கு, எது வேணா எடுத்துக்கங்க, ரெண்டுலயும் பாஸ்வேர்ட் போட்டு என்க்ரிப்ட் பண்ணி அனுப்பலாம். அந்த பாஸ்வேர்டை சர்வர்ல மட்டும் வெக்காம காகிதத்துலயும் எழுதி வைங்க. எப்பவாவது ஒரு தடவை பேக்கப்பிலேர்ந்து ஒரு மெயில்பாக்ஸை திரும்ப எடுத்துப் பாருங்க.

டொமைன்தான் எல்லாத்துக்கும் சாவி. சர்வர் எரிஞ்சு போனாலும் டொமைன் கையில இருந்தா வேற இடத்துல எழுப்பிடலாம். டொமைன் காலாவதி ஆகி வேற யாராவது வாங்கிட்டா, பேங்க்லேர்ந்து இன்கம்டாக்ஸ் வரைக்கும் உங்க பேருக்கு வர்ற பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் எல்லாம் அவருக்குப் போகும். அதனால ரெஜிஸ்ட்ரார் (டொமைனை உங்களுக்கு வித்தவங்க) அக்கவுண்டுக்கு டூ ஃபேக்டர் போடுங்க, ஆட்டோ ரினியூவல் போடுங்க, அதுல குடுத்திருக்கிற கார்டு எப்போ முடியுதுன்னு பாருங்க. ரெஜிஸ்ட்ரார்லயும் விபிஎஸ் கம்பெனியிலயும் குடுத்திருக்கிற தொடர்பு மெயில் இதே சர்வர்ல இருக்கிற முகவரியா இருந்தா, இன்னைக்கே வெளியில இருக்கிற ஒரு முகவரிக்கு மாத்திடுங்க.